ஜாம் கேமில் கஷ்டத்தை எங்கே வைப்பது?

கேம் ஜாமில், அதாவது குறுகிய நேரத்துக்குள் ஒரு கேமைச் செய்து முடிக்கும் நிகழ்வில், வரும் கேம்களை வரிசையாக ஆடிப் பார்த்தால் ஒன்று சீக்கிரமே தெரிந்துவிடும். ரொம்ப சுலபமாக இருந்து சொதப்பிய கேம் அபூர்வம். ரொம்பக் கஷ்டமாக இருந்து சொதப்பியவைதான் ஏராளம்.

இதற்குக் காரணம் செய்தவரின் கைப்பழக்கம். 48 மணி நேர ஜாமில் கோடில் ஒரு வரி மாற்றினாலும் ரன் பண்ணிப் பார்க்க வேண்டும். ரன் பண்ணும் ஒவ்வொரு தடவையும் முதல் லெவலின் முதல் பள்ளத்தைத் தாண்டியாக வேண்டும். இரண்டாம் நாள் மாலைக்குள் தூக்கத்தில்கூட அவர் கை அதைத் தாண்டிவிடும். லெவல் சப்பென்று தெரியும். சரி, இன்னும் இரண்டு முள் வைப்போம் என்று வைப்பார். கேம் கெடுவது அங்கேதான்.

அந்தப் பக்கம் ஆட வருபவரோ கேமைப் பார்ப்பதே அதுதான் முதல் தடவை. பெரும்பாலும் அவரும் ஜாமில் கலந்துகொண்டவர், தூக்கம் கெட்டவர், ஆடி மதிப்பெண் போட இன்னும் நீளமான பட்டியல் வைத்திருப்பவர். லூடம் டேர் என்ற ஜாமில் தரவரிசைக்குள் வரவே ஒரு கேமுக்கு 20 ரேட்டிங் வேண்டும். அந்த இருபது பேரும் ஐந்து பத்து நிமிடம் தந்தால் பெரிய விஷயம். அங்கே 'ஃபன்' என்று தனிப் பிரிவு இருக்கிறது. கஷ்டத்துக்கு என்று ஒரு பிரிவு கிடையாது.

அதற்காக எல்லாவற்றையும் சுலபமாக்கச் சொல்லவில்லை. கஷ்டமான கேமையும் ஜனங்கள் ரசித்து ஆடுகிறார்கள். எதை முதலில் சரிசெய்கிறோம் என்ற வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. தோற்றால் எவ்வளவு நேரம் வீணாகிறது என்பதை முதலில் பாருங்கள். எவ்வளவு பிசகு வரை கேம் மன்னிக்கிறது என்பது அடுத்தது. எதிரி எத்தனை, முள் எத்தனை என்பதெல்லாம் கடைசி. பெரும்பாலான ஜாம் கேம்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

தோல்வியின் விலை

ஒரு சின்னக் கணக்கு. புதிதாக ஆடுபவர் ஒரு தடையைத் தாண்ட 80 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். கேட்க சுலபமாகத்தான் இருக்கிறது. செக்பாயின்ட் (செத்தால் மறுபடி எழும் இடம்) இல்லாமல் ஐந்து தடை வைத்தால் மொத்தமாகத் தாண்டும் வாய்ப்பு 33 சதவீதம்தான். பத்து வைத்தால் 11 சதவீதம். சராசரியாக ஒன்பது தடவை தொடக்கத்திலிருந்து வர வேண்டும். அதே பத்துத் தடைக்கும் ஒவ்வொன்றின் முன்னாலும் செக்பாயின்ட் வைத்தால், தடைக்குச் சராசரி ஒன்றேகால் முயற்சியில் வேலை முடிந்துவிடும். தடை ஒன்றைக்கூட மாற்றவில்லை, ஆனால் ஆடுபவருக்கு அது வேறு கேம்.

டெர்ரி கேவனாவின் 'சூப்பர் ஹெக்ஸகன்' 2012-இல் பைரேட் கார்ட் ஜாமுக்குச் செய்த 'ஹெக்ஸகன்' என்ற குட்டி கேமிலிருந்து வளர்ந்தது. புதிதாக ஆடுபவர் சில வினாடிகூடத் தாக்குப்பிடிப்பது சிரமம். ஆனாலும் யாரும் ஜன்னலை மூடிவிட்டுப் போவதில்லை. ஒரு பட்டனைத் தட்டினால் உடனே அடுத்த ஆட்டம் தொடங்கிவிடும், கடுப்பாக நேரமே கிடைக்காது. 'செலெஸ்ட்' கேமின் முதல் வடிவம் 2015-இல் பிகோ-8 என்ற கற்பனை கன்சோலில் நான்கே நாளில் செய்தது. அதில் ஒவ்வொரு லெவலும் ஒரே திரை. செத்தால் இழப்பது அந்தத் திரையில் ஓடிய சில வினாடிதான். இரண்டுமே கடுமையான கேம்கள். தோல்வியை மலிவாக வைத்ததால் அவ்வளவு கடுமை தாங்குகிறது.

சாவதற்கும் கை மறுபடி வேலை செய்வதற்கும் இடையே ஒரு வினாடிக்கு மேல் போகக் கூடாது. சாவு அனிமேஷனுக்கு 0.3 வினாடி, திரை மங்கித் தெளிய 0.2 வினாடி போதும். 'கேம் ஓவர்' திரை, 'மறுபடி ஆடவா?' என்ற கேள்வி இரண்டையும் தூக்கிவிடுங்கள். ஸ்கோர் காட்டியே தீர வேண்டும் என்றால் காட்டுங்கள், ஆனால் எந்த கீயைத் தட்டினாலும் அது விலகட்டும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இசை. சாகும்போது சீனை முழுதாக ரீலோட் செய்தால், அதற்குள் இருக்கும் பாட்டும் முதல் சுரத்திலிருந்து தொடங்கும். இருபது தடவை செத்தவர் பாட்டின் முதல் நான்கு வினாடியை இருபது தடவை கேட்டிருப்பார். கேம் இருப்பதைவிடக் கஷ்டமாகத் தெரிய இது ஒன்றே போதும். கோடோ எஞ்சினில் ஆட்டோலோட், யூனிட்டி எஞ்சினில் டோன்ட்டிஸ்ட்ராய்ஆன்லோட் என்று இசையைச் சீனுக்கு வெளியே வைத்தால் பத்து நிமிடத்தில் தீரும். செக்பாயின்ட்டில் எழும் இடமும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். எழுந்தவுடன் ஒரு குண்டு வந்து மோதினால் அது கஷ்டத்தில் சேராது, பக் (கோடில் உள்ள பிழை)தான். எழுந்தபின் ஒரு வினாடி அடிபடாமல் வைத்தால் போதும்.

ஒரு தாவலை எண்ணிக்கையில் பார்ப்போம்

தாவித் தாவிப் போகும் பிளாட்ஃபார்மர் கேமில் தாவலின் அளவைக் கண்ணால் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். தேவையான உயரத்தையும் உச்சிக்குப் போகும் நேரத்தையும் முடிவு செய்துவிட்டால் மற்ற எண்கள் தானே வந்துவிடும். ஈர்ப்பு = 2 × உயரம் ÷ நேரத்தின் வர்க்கம். தொடக்க வேகம் = 2 × உயரம் ÷ நேரம்.

டைல் (லெவலின் ஒரு சதுரக் கட்டம்) 16 பிக்ஸல். மூன்று டைல் உயரம், அதாவது 48 பிக்ஸல். உச்சிக்கு 0.4 வினாடி. ஈர்ப்பு வினாடி வர்க்கத்துக்கு 600 பிக்ஸல், தொடக்க வேகம் வினாடிக்கு 240 பிக்ஸல். ஓடும் வேகம் 120 என்றால் காற்றில் இருக்கும் 0.8 வினாடியில் 96 பிக்ஸல், சரியாக ஆறு டைல் தாண்டும். ஆகவே ஆறு டைல் பள்ளத்தை வைக்கவே கூடாது. ஐந்து டைல் பள்ளத்தில் 16 பிக்ஸல் மிச்சம். வினாடிக்கு 60 பிரேம் வேகத்தில் 8 பிரேமுக்குள் எப்போது தட்டினாலும் தாண்டிவிடலாம். நான்கு டைலுக்கு 16 பிரேம், மூன்று டைலுக்கு 24 பிரேம். (உருவத்தின் அகலத்தைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும்.) முதல் லெவலில் மூன்று, நடுவில் நான்கு, கடைசியில் மட்டும் ஐந்து என்று வைத்தால் நன்றாக ஓடும்.

இனி வழக்கமாக நடக்கும் விபத்து. இரண்டாம் நாள் குழுவில் ஒருவர், "தாவினால் பலூன் மாதிரி மிதக்குது, விழும்போது ஈர்ப்பை ஒன்றரை மடங்கு ஆக்கலாம்" என்பார். நல்ல யோசனைதான், தாவல் கனமாகி நன்றாகவே இருக்கும். ஆனால் இறங்கும் நேரம் 0.4-இலிருந்து சுமார் 0.33 வினாடியாகிவிடும். மொத்தத் தூரம் 96-இலிருந்து 87 பிக்ஸலாகக் குறையும். ஐந்து டைல் பள்ளத்தில் மிச்சம் 7 பிக்ஸல்தான். 8 பிரேம் இருந்த இடத்தில் இப்போது 4 பிரேம்கூட இல்லை. லெவலை யாரும் தொடவில்லை, கஷ்டம் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. குழுவில் எல்லோருக்கும் கை பழகிவிட்டதால் யாருக்கும் அது தெரியவும் தெரியாது. ஆகவே தாவல், ஓட்டம் சம்பந்தப்பட்ட எண்களை லெவல் கட்டும் முன் பூட்டிவிடுங்கள். பூட்டிய பிறகு மாற்றியே ஆக வேண்டுமானால் எல்லாப் பள்ளத்தையும் மறுபடி அளந்து பாருங்கள்.

மன்னிப்பு அளவுகளும் இந்தக் கணக்கோடு சேர்ந்தவைதான். விளிம்பை விட்டு வெளியே போன பிறகும் சிறிது நேரம் தாவ அனுமதிப்பது கொயோட்டி டைம். தரையைத் தொடுவதற்குச் சற்று முன் தட்டியதையும் நினைவில் வைத்துத் தொட்டவுடன் தாவவிடுவது ஜம்ப் பஃபர். 'செலெஸ்ட்' டெவலப்பர்கள் வெளியிட்ட பிளேயர் கோடில் முதலாவதற்கு 0.1 வினாடி இருக்கும். மேலே போகும்போது தலை மூலையில் இடித்தால் 4 பிக்ஸல் வரை பக்கவாட்டில் நகர்த்திவிடும் வசதியும் உண்டு. கொயோட்டி டைம், ஜம்ப் பஃபர் இரண்டுக்கும் தலா 0.1 வினாடி வைத்துத் தொடங்கலாம். இதற்காகும் கோடு பதினைந்து வரிகூட வராது. ஜாமில் செலவிடும் எந்த அரை மணி நேரமும் இதைவிட அதிகப் பலன் தராது என்பேன்.

கஷ்டம் போல வேஷம் போடும் பக்குகள்

'கேம் ரொம்பக் கஷ்டம்' என்று வரும் கருத்துகளில் கணிசமானவை உண்மையில் பக் புகார்கள். பேலன்ஸில் கை வைக்கும் முன் இவற்றைத் தேடிப் பிடியுங்கள்.

பிரேமுக்கு 2 பிக்ஸல் என்று நகர்த்தினால் 60 ஹெர்ட்ஸ் திரையில் வினாடிக்கு 120, 144 ஹெர்ட்ஸ் திரையில் 288. அந்த ஆள் உங்கள் கேமை 2.4 மடங்கு வேகத்தில் ஆடுகிறார், பாவம். டெல்டா டைமால் (முந்தைய பிரேமிலிருந்து கடந்த நேரத்தால்) பெருக்குங்கள், அல்லது நகர்வைக் கோடோவின் பிசிக்ஸ் பிராசஸில் வையுங்கள். யூனிட்டியில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. கீ தட்டப்பட்டதா என்று ஃபிக்ஸ்டுஅப்டேட்டுக்குள் பார்த்தால் சில தட்டல்கள் தவறிப்போகும், ஏனென்றால் அது ஒவ்வொரு பிரேமிலும் ஓடுவதில்லை. ஆடுபவருக்கோ 'தாவல் சில நேரம் வேலை செய்யவில்லை'. தட்டலை ஒவ்வொரு பிரேமிலும் ஓடும் அப்டேட்டில் பிடித்து வைத்து, ஃபிக்ஸ்டுஅப்டேட்டில் செலவழியுங்கள். மேலிருந்து பார்க்கும் கேமில் திசை வெக்டரை நார்மலைஸ் செய்ய (அதன் நீளத்தை ஒன்றாக்க) மறந்தால் குறுக்கே போகும்போது 1.41 மடங்கு வேகம் கிடைக்கும். துரத்தும் எதிரிக்கு மட்டும் அந்தத் தவறு இருந்தால் மூலைவாட்டில் தப்பவே முடியாது.

மோதல் பெட்டியின் அளவும் முக்கியம். ஆடுபவரின் உருவத்தில் அடிபடும் பகுதியைப் படத்தின் அறுபது எழுபது சதவீதமாகச் சுருக்குங்கள், முள்ளின் பெட்டியையும் சுருக்குங்கள், காசு போன்ற எடுக்கும் பொருள்களின் பெட்டியை மட்டும் படத்தைவிடப் பெரிதாக்குங்கள். உரசிக்கொண்டு தப்பினால் 'நூலிழையில் தப்பித்தேன்' என்ற சந்தோஷம் வரும். உரசாமலே செத்தால் வாயில் வேறு வார்த்தைதான் வரும்.

கண்ணால் பார்த்துக் கை அசைய மனிதருக்குச் சுமார் கால் வினாடி ஆகும், அதுவும் என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தால். எந்தப் பக்கம் விலகுவது என்று யோசிக்க இன்னும் கொஞ்சம் வேண்டும். எதிரி அடிக்கும் முன் அரை வினாடி அறிகுறி காட்டட்டும்: கையை ஓங்குவது, வெள்ளையாக மின்னுவது, ஒரு சின்னச் சத்தம். கடைசி எதிரிக்குக்கூட 0.3 வினாடிக்குக் கீழே போகாதீர்கள்.

அலை அலையாக எதிரிகள்

சர்வைவல், ஷூட்டர் வகை ஜாம் கேம்களில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. அலைக்கு அலை எதிரியின் எண்ணிக்கை, வேகம், உயிர் மூன்றையும் 20 சதவீதம் ஏற்றுவது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும். மூன்றும் ஒன்றையொன்று பெருக்கும்: ஒரே அலையில் 1.73 மடங்கு, ஐந்து அலை ஏறியபின் 15 மடங்கு. ஒரு அலைக்கு ஒன்றை மட்டும் ஏற்றுங்கள்.

இரண்டு எண்களை ஒப்பிட்டால் போதும்: வினாடிக்கு எவ்வளவு எதிரி உயிர் உள்ளே வருகிறது, ஆடுபவர் வினாடிக்கு எவ்வளவு குறைக்க முடியும். துப்பாக்கி வினாடிக்கு நான்கு குண்டு, குண்டுக்கு ஒரு புள்ளி. எதிரிக்கு உயிர் மூன்று. தொடக்கத்தில் 2 வினாடிக்கு ஓர் எதிரி; பத்து வினாடிக்கு ஒரு தடவை அந்த இடைவெளி 0.1 குறைகிறது. புதியவரின் குண்டில் பாதி வீண் என்று வைத்தால் அவர் குறைப்பது வினாடிக்கு 2 புள்ளி. இடைவெளி 1.5-க்கு வரும்போது, அதாவது 50-ஆவது வினாடியில், உள்ளே வருவதும் 2 புள்ளி. அதன்பின் திரை நிரம்பத் தொடங்கும். ஒரு குண்டுகூட வீணாக்காதவரும் 130-ஆவது வினாடியில் தோற்கத் தொடங்குவார். ஆகவே முதல் ஆயுத மேம்பாடு 40 வினாடிக்குள் கைக்கு வர வேண்டும். இதை ஆடிப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆகும், காகிதத்தில் ஐந்து நிமிடம். இடைவெளிக்கு ஒரு தரை எல்லை வைக்க மறக்காதீர்கள், 0.6 என்று வையுங்கள். இல்லாவிட்டால் 200-ஆவது வினாடியில் இடைவெளி சுழியமாகும், பிரேமுக்கு ஓர் எதிரி பிறக்கும், பிரவுசர் டேப் உறைந்துவிடும்.

ஏற்றம் நேர்கோடாகவே போனால் அலுப்பும் களைப்பும்தான் மிஞ்சும். இருபது வினாடி ஏற்றிவிட்டு ஐந்து வினாடி மூச்சுவிட இடம் கொடுங்கள். எடுக்க வேண்டிய பொருளை அந்த ஐந்து வினாடியில் போடுங்கள்.

அதிர்ஷ்டம், புதிர், விஷமமான தலைப்பு

25 சதவீத வாய்ப்பு என்றால் நான்கில் ஒன்று நிச்சயம் வரும் என்றுதான் ஆடுபவர் மனசு எடுத்துக்கொள்ளும். உண்மையில் நான்கு முயற்சியிலும் ஒன்றுகூட வராமல் போக 32 சதவீத வாய்ப்பு இருக்கிறது, பத்திலும் வராமல் போக 6 சதவீதம். இருபது பேர் ஆடினால் சராசரியாக ஒருவருக்கு அது நடக்கும், அவரும் மதிப்பெண் போடுவார். பை முறை நல்லது: ஒரு வெற்றியையும் மூன்று தோல்வியையும் பட்டியலில் போட்டுக் குலுக்கி, வரிசையாக எடுத்து, தீர்ந்ததும் மறுபடி குலுக்குவது. இன்றைய டெட்ரிஸ் ஏழு துண்டுகளையும் இப்படித்தான் தருகிறது. ஒரே துண்டு திரும்பி வருவதற்குள் இடையில் வேறு துண்டுகள் 12-க்கு மேல் வர முடியாது.

ஜிஎம்டிகே ஜாமில் 2020 தலைப்பு 'அவுட் ஆஃப் கன்ட்ரோல்', 2022 தலைப்பு 'ரோல் ஆஃப் த டைஸ்'. இந்த மாதிரித் தலைப்பு ஆடுபவரின் கையிலிருந்து எதையோ பிடுங்கச் சொல்கிறது. பிடுங்கலாம். ஆனால் கட்டுப்பாட்டையும் பிடுங்கி, தண்டனையையும் முழுசாகக் கொடுத்தால் அநியாயம். ஸ்டீரிங் தாறுமாறாகத் திரும்பினால் சாலை அகலமாக இருக்கட்டும். பகடை கெட்ட எண்ணைக் காட்டினால், அதை வைத்தும் ஏதாவது செய்ய வழி இருக்கட்டும்.

புதிர் கேமில் பிரேம் கணக்கெல்லாம் செல்லாது. இசட் தட்டினால் ஒரு அடி பின்னே, ஆர் தட்டினால் லெவல் தொடக்கம். இந்த இரண்டும் இல்லாத பெட்டி தள்ளும் கேமை நான் இரண்டாவது லெவலுக்கு மேல் ஆடுவதில்லை. ஒவ்வொரு நகர்வுக்கு முன்னும் எல்லாப் பொருளின் இடத்தையும் ஒரு ஸ்டேக்கில் தள்ளினால் அன்டூ தயார். முதல் நாளே எழுதினால் அரை மணி வேலை, கடைசி நாளில் எழுதினால் பாதி கோடைப் பிரிக்க வேண்டிவரும். லெவலின் கட்டத்தைச் சிறிதாக்குங்கள். 12க்கு 12 கட்டத்தில் இருக்கும் யோசனை பெரும்பாலும் 7க்கு 7-இலேயே அடங்கும். தீர்வுக்குச் சம்பந்தமில்லாத பெட்டியும் சுவரும் ஆடுபவரைச் சிந்திக்க வைக்காது, அலையத்தான் வைக்கும்.

எப்போது, யாரிடம் ஆடக் கொடுப்பது

48 மணி நேரத்தில் 12-ஆவது மணிக்குள் ஒரே அறையிலாவது கேம் முழுச் சுற்று ஓட வேண்டும். 24-ஆவது மணியில் வெளியாள் ஒருவர் ஆட வேண்டும். 36-க்கு மேல் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. எண்களை மாற்றலாம், வெட்டலாம். கடைசி மூன்று மணி நேரம் பில்டுக்கும் (ஆடத் தயாரான வடிவத்துக்கும்) அப்லோடுக்கும். எல்லா எண்களும் ஒரே ஃபைலில் இருந்தால்தான் இது நடக்கும். வேகம் ஓரிடத்தில், உயிர் வேறிடத்தில் என்று பத்து ஸ்கிரிப்டில் சிதறிக் கிடந்தால் அதிகாலை மூன்று மணிக்கு யாரும் தேட மாட்டார்கள்.

ஒரு ஆள் ஒரு தடவைதான் புது ஆள். கையில் நான்கு பேர் இருந்தால் நால்வரையும் ஒரே பில்டுக்குச் செலவழித்துவிடாதீர்கள். 24-ஆவது மணிக்கு ஒருவர், மாற்றிய பின் ஒருவர், கடைசி பில்டுக்கு இருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவர் ஆடும்போது வாயைத் திறக்காதீர்கள். "அங்க டபுள் ஜம்ப் பண்ணணும்" என்று சொல்லிவிட்டால் அந்தச் சோதனை அத்தோடு முடிந்தது. ஒவ்வொரு சாவிலும் இடத்தையும் நேரத்தையும் கன்சோலில் ஒரு வரி பிரின்ட் செய்யுங்கள். ஒரே இடத்தில் ஐந்து சாவுக்கு மேல் குவிந்தால் அந்த இடத்தைச் சுலபமாக்குங்கள், அல்லது அதற்கு முன்னால் அதே விஷயத்தை ஆபத்தில்லாமல் கற்றுக்கொடுக்க ஓர் இடம் வையுங்கள்.

லெவல் கட்டும் வரிசையையும் மாற்றிப் பாருங்கள். நடு லெவலை முதலில் கட்டி, கடைசி லெவலை அடுத்துக் கட்டி, முதல் லெவலைக் கடைசியில் கட்டுவது நல்லது. கேமின் விதிகள் முழுசாகத் தெரிந்த பிறகுதான் அவற்றைக் கற்றுக்கொடுக்கும் லெவலை ஒழுங்காகக் கட்ட முடியும். உங்களுக்கே இரண்டு முயற்சி ஆகும் லெவல் எதுவானாலும் அது கடைசி லெவல்தான். ஐந்து முயற்சி ஆனால் அது கேமில் இருக்க வேண்டாம்.

டெஸ்ட் செய்வதற்காக வைத்த லெவல் தாண்டும் கீயைக் கடைசியில் நீக்காதீர்கள். மூன்று நிமிடம் ஒரே லெவலில் மாட்டிக்கொண்டவருக்குத் திரையின் ஓரத்தில் 'N கீயைத் தட்டினால் அடுத்த லெவல்' என்று காட்டுங்கள். உழைத்துச் செய்த நான்காவது லெவலை யாராவது பார்க்க வேண்டுமே.

வெப் பில்டுக்குக் கீகளைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம். கன்ட்ரோல் கீயைக் குனிவதற்கும் டபிள்யூவை முன்னே போவதற்கும் வைத்தால், குனிந்தபடி நகர்ந்த கணமே பிரவுசர் டேப் மூடிக்கொள்ளும். எஸ்கேப் கீ முழுத்திரையிலிருந்து வெளியேற்றும், மவுஸ் பூட்டையும் விடுவிக்கும், அதனால் அதில் ரீஸ்டார்ட் வேண்டாம். பிரான்சில் வழங்கும் அசெர்ட்டி கீபோர்டில் டபிள்யூ, ஏ, எஸ், டி நான்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்காது. அம்பு கீகளையும் சேர்த்தே கொடுங்கள். கேம் பக்கத்தின் முதல் இரண்டு வரியில் கீகள், முடிக்க ஆகும் நேரம், லெவல் தாண்டும் கீ மூன்றையும் எழுதுங்கள். வாக்களிப்புக் காலத்தில் பில்டை மாற்றலாமா என்பது ஜாமுக்கு ஜாம் வேறுபடும். பேலன்ஸ் எண்ணைத் தொடும் முன் அந்த ஜாமின் விதியைப் படித்துவிடுங்கள்.